அப்பாவுக்குப் பிரஷர் ஏறுவது எதனால்: உப்பா, கோபமா, கைப்பட்டையா?

யாங்கோன் தாமுவேயிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 61 வயது, இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். கிளினிக்கில் பார்த்தால் 164, வீட்டு மெஷினில் 138, கோயில் முகாமில் 150. எட்டு மாதமாக அம்லோடிபின் 5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் நம்பர் இறங்கினால் மாத்திரையை நிறுத்திவிடுவாராம். "நான் உப்பே சேர்ப்பதில்லை" என்கிறார் அப்பா. "எல்லாம் அவர் கோபத்தால் வந்தது" என்கிறார் அம்மா. மாண்டலேயில் இருக்கும் சித்தப்பா தினமும் நாலு பல் பூண்டு விழுங்கியே குணமானவராம். இதில் யார் சொல்வது சரி, ஆராய்ச்சி என்ன சொல்கிறது, மாத்திரையை ராத்திரி போட்டால் நல்லது என்கிறார்களே உண்மையா என்று கேள்வி.

நான் டாக்டர் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். யாங்கோனில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிரஷர் பார்க்க உட்காரும் நாலைந்து பேரில் ஒருத்தி. ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடிப் படிப்பது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது, வீட்டில் இதற்காகக் கேலியும் உண்டு.

சரி, மூன்று நம்பர் மூன்று விதமாக வருகிறதே, அதில் எது பொய் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மூன்றும் உண்மையாக இருக்கலாம். பிரஷர் என்பது உயரம் மாதிரி ஒரே இடத்தில் நிற்கிற சமாச்சாரம் இல்லை. படி ஏறினால் ஏறும், பேசினால் ஏறும், சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் ஏறும், தூங்கும்போது பத்து முதல் இருபது சதவீதம் வரை தானாக இறங்கும். டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பார்த்த உடனே சிலருக்கு இருபது புள்ளி எகிறும் (பாதரச மில்லிமீட்டர் என்று ஒவ்வொரு தடவையும் எழுத முடியாது, புள்ளி என்றே எழுதுகிறேன்). இதற்கு நேர் எதிராக, கிளினிக்கில் ஒழுங்காக இருந்துவிட்டு வீட்டிலும் கடையிலும் ஏறுகிற ஆட்களும் உண்டு, அவர்கள்தான் ஆபத்தானவர்கள், ஏனென்றால் யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

அளக்கும் முறை எவ்வளவு குழப்பம் செய்யும் என்பதை இரண்டு ஆய்வுகள் அழகாகக் காட்டியிருக்கின்றன, இரண்டும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நடந்தவை. 2023இல் வந்த ஒன்றில், பெரிய கைப்பட்டை (பிரஷர் பார்க்கக் கையில் சுற்றுகிற துணிப்பட்டை) தேவைப்படுகிற தடித்த கைகளுக்குச் சாதாரண அளவுப் பட்டையைச் சுற்றிப் பார்த்தார்கள். மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு மேல் நம்பர் சராசரியாக 19.5 புள்ளி கூடுதலாகக் காட்டியது. யோசித்துப் பாருங்கள், 125 இருக்கிற மனிதரை 145 என்று சொல்லி அனுப்பிவிடலாம். 2024இல் வந்த இன்னொன்றில் கையை எங்கே வைப்பது என்று பார்த்தார்கள். மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் வைப்பதோடு ஒப்பிட்டால், மடியில் வைத்தால் 3.9, பக்கத்தில் தொங்கவிட்டால் 6.5 புள்ளி கூடுதல். நம் ஊரில் எத்தனை இடத்தில் மேசை இருக்கிறது? எனக்கே ஒரு இடத்தில் சட்டைக் கைமேலேயே பட்டையைச் சுற்றி, கையைத் தொங்கவிட்டபடி, "என்ன அக்கா, பேரன் எப்படி இருக்கான்" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளந்து, 158 என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து பார்த்தபோது 132. எங்கள் முகாமையும் விட்டுவைக்கவில்லை. வெயிலில் நடந்து வந்த ஆளை உடனே உட்கார வைத்து அளந்துகொண்டிருந்தோம், இப்போது ஐந்து நிமிஷ நாற்காலி என்று நாலு நாற்காலி தனியாகப் போட்டிருக்கிறோம். அப்பாவின் 150 அந்த நாற்காலி வருவதற்கு முந்தியதாகவும் இருக்கலாம்.

அதனால் 164 சரியா 138 சரியா என்று சண்டை வேண்டாம். வீட்டில் ஒரு வாரம், காலை இரண்டு தடவை, மாலை இரண்டு தடவை, முதுகைச் சாய்த்து, காலைக் குறுக்கே போடாமல் தரையில் ஊன்றி, வெறும் கையில் பட்டையைச் சுற்றிப் பாருங்கள். டீ, சுருட்டு, புகையிலை போட்ட வெற்றிலை எல்லாம் அரை மணி முந்தியே முடிந்திருக்க வேண்டும். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற நாட்களின் சராசரியைப் பாருங்கள். வீட்டுச் சராசரி 135க்கு 85ஐத் தாண்டினால் அது உயர்வுதான். 138 என்று நீங்கள் எழுதியது ஒரு தடவை பார்த்ததா, சராசரியா?

அடுத்து சித்தப்பாவின் பூண்டு. சித்தப்பா பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் மண்டபத்தில் நடப்பதைக் கேளுங்கள். முதல் ஞாயிறு யாருக்கெல்லாம் 150க்கு மேல் வருகிறதோ அவர்களை அடுத்த ஞாயிறு திரும்ப வரச் சொல்வோம். வந்தால் நிறையப் பேருக்கு இறங்கியிருக்கும், ஒன்றுமே செய்யாதவர்களுக்கும்கூட. காரணம் சாதாரணமானது. ஏறி இறங்குகிற ஒரு நம்பரில், உச்சத்தில் இருந்த நாளைப் பார்த்து ஆளைப் பிடித்தால், அடுத்த தடவை அது பெரும்பாலும் கீழேதான் வரும். அந்த ஒரு வாரத்தில் ஒருத்தர் நெல்லிச்சாறு குடித்திருப்பார், ஒருத்தர் பூண்டு விழுங்கியிருப்பார், இன்னொருத்தர் பீலிக்கான் முனீஸ்வரருக்கு நேர்ந்துகொண்டிருப்பார். மூவருக்கும் இறங்கும், மூவரும் ஊர் முழுக்கச் சொல்வார்கள். ஏறினவர் வாயைத் திறக்க மாட்டார்.

இதனால்தான் ஆராய்ச்சியில் இரண்டு கூட்டமாகப் பிரிக்கிறார்கள். யார் எந்தக் கூட்டம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி முடிவு செய்து, ஒரு கூட்டத்துக்கு மருந்தும் இன்னொன்றுக்கு மருந்து மாதிரியே இருக்கும் வெறும் மாத்திரையும் கொடுக்கிறார்கள். தானாக இறங்குவது இரண்டு கூட்டத்திலும் ஒரே மாதிரி இறங்கும், மிச்சம் இருக்கும் வித்தியாசம்தான் மருந்தின் வேலை. 1967இல் அமெரிக்காவில் எட்வர்ட் ஃப்ரைஸ் குழுவினர் முன்னாள் படைவீரர்கள் 143 பேரை வைத்து இப்படிச் செய்தார்கள். கீழ் நம்பரே 115க்கு மேல் இருந்தவர்கள். வெறும் மாத்திரைக் கூட்டத்தில் 27 பேருக்கு மரணம், பக்கவாதம் மாதிரிப் பெரிய விபரீதங்கள் நேர்ந்தன, மருந்துக் கூட்டத்தில் 2 பேருக்குத்தான். அதுவரை பிரஷரைக் குறைக்க வேண்டுமா என்றே பல டாக்டர்களுக்குச் சந்தேகம் இருந்தது. பூண்டையும் ஆராய்ந்திருக்கிறார்கள், சின்னச் சின்ன ஆய்வுகளில் சில புள்ளி இறங்குவதாக வந்தும் இருக்கிறது, ஆனால் பக்கவாதத்தைத் தடுத்ததாகக் காட்டிய பெரிய ஆய்வு கிடையாது. குழம்பில் போட்டுச் சாப்பிடட்டும், யார் வேண்டாம் என்றது. மாத்திரைக்குப் பதிலாக என்றால்தான் எனக்குப் பயம்.

அம்மா சொல்லும் கோபத்துக்கு வருகிறேன். கோபப்படும் நேரத்தில் பிரஷர் ஏறும், அது நிச்சயம். ஆனால் கோபம் அடங்கியதும் இறங்கிவிடும். வருஷக்கணக்கில் நிற்கிற உயர்வுக்குக் கோபத்தைக் காரணம் காட்டும் சான்று, உப்புக்கும் உடல் எடைக்கும் இருக்கிற சான்றோடு ஒப்பிட்டால் ரொம்ப மெலிசு. தமிழில் நாம் இதற்கு 'இரத்தக் கொதிப்பு' என்று பெயர் வைத்ததுதான் பாதி வினை என்று எனக்குத் தோன்றும். கொதிப்பு என்றாலே கோபக்காரனுக்கு வருவது என்று ஆகிவிடுகிறது, சாந்தமான பாட்டிகள் எல்லாம் "எனக்கு ஏன் வரப்போகுது" என்று அளக்கவே வருவதில்லை. பர்மியரிடம் 'துவே தோ' என்றால் வெறுமே ரத்தம் கூடியது, அவ்வளவுதான், அதில் குணத்தைப் பற்றிய பேச்சே இல்லை. ஆனாலும் அம்மா சொல்வதில் ஒரு விஷயம் இருக்கிறது. கோபம் வந்தால் அப்பா சுருட்டுப் பற்ற வைக்கிறாரா, சாப்பாட்டைத் தள்ளிவிட்டு மாத்திரையையும் தள்ளிவிடுகிறாரா, அதைக் கவனியுங்கள்.

இப்போது உப்பு. "நான் உப்பே சேர்ப்பதில்லை" என்று எங்கள் நாற்காலியில் உட்காருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்கிறார்கள், அவர்கள் சொல்வது இலையில் வைக்கும் உப்பை. யாங்கோன் தமிழன் வீட்டு உப்பு இலையில் இல்லை. நமக்கு இரண்டு சமையல் அல்லவா, இரண்டின் உப்பும் சேர்ந்து வருகிறது. காலையில் மொகிங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்), அதில் மீன் சாஸ். மதியம் சாம்பார், ஊறுகாய், அப்பளம், ஒரு துண்டு கருவாடு. சாயந்திரம் அத்தோ (நூடுல்ஸ் கலவை) அல்லது லப்பெத் தோ (ஊறவைத்த தேயிலைக் கலவை). ராத்திரி பக்கத்து வீட்டு டாக்கின்மா கொடுத்தனுப்பிய நாப்பி (உப்பில் ஊறிய மீன் விழுது). மீன் சாஸ் ஒரு மேசைக்கரண்டியிலேயே 3 கிராம் உப்புக்கு மேல் ஒளிந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது, அதாவது ஒரு தேக்கரண்டி. இங்கே எல்லாக் கறியிலும் அள்ளிப் போடும் அஜினமோட்டோவிலும் சோடியம் (உப்பில் பிரஷரை ஏற்றுகிற பொருள்) இருக்கிறது, ஆனால் எடைக்கு எடை பார்த்தால் உப்பில் 39 சதவீதம், அதில் 12 சதவீதம். அதனால் அஜினமோட்டோவை மட்டும் திட்டிவிட்டு நாப்பியை நக்கிச் சாப்பிடுகிறவர்கள் கணக்குத் தெரியாதவர்கள்.

உப்பைப் பற்றி ஆராய்ச்சி எப்படி வளர்ந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த கதை. 1940களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் என்ற ஜெர்மன் டாக்டர், அன்றைக்கு மருந்தே இல்லாத கொடிய பிரஷர் நோயாளிகளுக்கு அரிசிச் சோறு, பழம், சர்க்கரை இவ்வளவு மட்டும் கொடுத்தார், உப்பு அறவே கிடையாது. பலருக்கு பிரஷர் மளமளவென்று இறங்கியது. அரிசியைத் தின்றால் எல்லா நோயும் வரும் என்று இன்று பேசுகிறவர்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆனால் அவரிடம் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது கூட்டம் இல்லை, இறக்கியது உப்பில்லாததா, பழமா, எடை குறைந்ததா என்று பிரிக்க முடியாது. 1988இல் இன்டர்சால்ட் என்ற ஆய்வு 32 நாடுகளில் 52 இடங்களில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து உப்பை அளந்தது. உப்பு என்றாலே என்னவென்று தெரியாமல் வாழும் பிரேசில் காட்டு யானோமாமி மக்களுக்குச் சராசரி பிரஷர் 95க்கு 61, வயதானாலும் ஏறவில்லை. வயதானால் பிரஷர் வரத்தானே செய்யும் என்று நாம் சொல்வது எல்லா மனிதருக்கும் பொருந்தாது என்று அங்கே தெரிந்தது. ஆனாலும் அவர்கள் ஒல்லி, நடக்கிறார்கள், வாழ்க்கையே வேறு, உப்பு ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. (நம் டீக்கடையில் ரொம்ப நேரம் உட்காருகிறவர்களுக்குப் பிரஷர் அதிகம் என்று நான் கணக்கெடுத்தால் டீயைக் குற்றம் சொல்லலாமா? கையில் சுருட்டும் இருக்கிறதே.)

முடிச்சை அவிழ்த்தது 2001இல் வந்த டேஷ் சோடியம் ஆய்வு. 412 பேருக்கு எல்லாச் சாப்பாட்டையும் ஆய்வுக்காரர்களே சமைத்துக் கொடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வழக்கமான அமெரிக்கச் சாப்பாடு, இன்னொன்றுக்குக் காய், பழம், கொழுப்புக் குறைந்த பால் நிறைந்த சாப்பாடு. இரண்டிலும் ஒவ்வொருவரும் மூன்று உப்பு அளவிலும் முப்பது முப்பது நாள் சாப்பிட்டார்கள். உப்பைக் குறைக்கக் குறைக்க பிரஷர் படிப்படியாக இறங்கியது. நல்ல சாப்பாடும் குறைந்த உப்பும் சேர்ந்தபோது, ஏற்கெனவே பிரஷர் இருந்தவர்களுக்கு, வழக்கமான சாப்பாடும் நிறைய உப்பும் சாப்பிட்டதைவிட மேல் நம்பர் 11.5 புள்ளி குறைவு. ஒரு மாத்திரை செய்கிற வேலை இது. அதைவிடப் பெரியது சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் நடந்தது, 2021இல் முடிவு வந்தது. பாதிக் கிராமங்களுக்கு, உப்பில் கால் பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்தார்கள். சமையலை மாற்றச் சொல்லவே இல்லை. ஐந்து வருஷத்தில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. நம்பர் குறைவது வேறு, பக்கவாதம் குறைவது வேறு, இதில் இரண்டாவதையே காட்டிவிட்டார்கள் என்பதால் எனக்கு இந்த ஆய்வின்மேல் தனி மரியாதை. ஒரு எச்சரிக்கை மட்டும்: சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், எனலாப்ரில், லோசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி மருந்து சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அந்த உப்பைத் தொடக்கூடாது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே தடுமாறும்.

எடை, குடி, நடை எல்லாம் நீங்களே கேள்விப்பட்டிருப்பீர்கள். எடை ஒரு கிலோ குறைந்தால் மேல் நம்பர் சுமார் ஒரு புள்ளி குறையும் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் வந்திருக்கிறது. 2023இல் 270 ஆய்வுகளைத் தொகுத்ததில், சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்காருகிற மாதிரி நிற்பது போன்ற அசையாத பயிற்சிகள் சராசரியாக எட்டுப் புள்ளி குறைத்தன, நடையை விடவும் கூடுதலாக. கடையில் ஆள் வராத நேரத்தில்கூடச் செய்யலாம், மூச்சை மட்டும் அடக்கக்கூடாது.

நீங்கள் எழுதாத ஒரு விஷயத்தை நான் கேட்கிறேன். அப்பா இரும்பு தூக்குகிறவர். முதுகுவலிக்கு மாத்திரை போடுகிறாரா? இபுபுரோபன், டைக்ளோபினாக் வகை வலி மாத்திரைகள் உப்பையும் தண்ணீரையும் உடம்பிலேயே தேக்கிவைக்கும், பிரஷர் ஏறும். 2017இல் வந்த ஒரு ஆய்வில் மூட்டுவலிக்கு இபுபுரோபன் சாப்பிட்டவர்களுக்கு நாலு மாதத்தில் 24 மணி நேரச் சராசரி 3.7 புள்ளி ஏறியது, அதே ஆய்வில் செலிகாக்ஸிப் என்ற வேறு வலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. அதைவிட மோசம், கடையில் நாலைந்து மாத்திரையைப் பிரித்துக் கலந்து பொட்டலம் கட்டிக் கொடுப்பார்களே, அதில் ஸ்டீராய்டும் இருந்தால் என்ன செய்வது. அப்பா "மருந்து ஒன்றும் சாப்பிடவில்லை" என்பார், பொட்டலத்தை மருந்தாகவே எண்ண மாட்டார். நீங்கள்தான் சட்டைப்பையைப் பார்க்க வேண்டும். அவர் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திடுக்கிடுகிறாரா என்று அம்மாவிடமும் கேளுங்கள், அந்த வியாதியும் பிரஷரை ஏற்றும்.

மாத்திரை ராத்திரியா காலையா என்ற கேள்விக்குப் பதில் சுருக்கமானது. ராத்திரி போட்டால் மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்று ஸ்பெயினிலிருந்து ஒரு ஆய்வு வந்து உலகம் பூராவும் பரவியது. அது எப்படி நடத்தப்பட்டது என்பதில் பலருக்குச் சந்தேகம் வந்தது. பிறகு பிரிட்டனில் 21,104 பேரை ஐந்து வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்த டைம் ஆய்வு 2022இல் வெளியானது: காலையோ ராத்திரியோ, வித்தியாசம் இல்லை. மறக்காத நேரமே நல்ல நேரம், நான் காலை பல் தேய்த்த கையோடு போடுகிறேன்.

உங்கள் அப்பா விஷயத்தில் எனக்கு உப்பைவிடவும் பெரிதாகத் தெரிவது அந்த நிறுத்தி நிறுத்திப் போடுவதுதான். அம்லோடிபின் மெதுவாக வேலை செய்யும், மெதுவாகவே போகும். ரத்தத்தில் அது பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும், தினமும் சாப்பிட்டாலும் முழு அளவுக்கு வர ஒரு வாரம் பிடிக்கும். இப்போது அப்பா செய்வதைப் பாருங்கள். 130 வந்ததும் நிறுத்துகிறார். மறுநாள் பார்த்தால் அப்போதும் 130, அதற்கு மறுநாளும் கிட்டத்தட்ட அதேதான், "பார்த்தாயா, மாத்திரை இல்லாமலே சரியாகிவிட்டது" என்கிறார். அது இரண்டு நாள் முன்னால் விழுங்கிய மாத்திரை. ஒரு வாரம் கழித்து ஏறும்போது அளப்பதில்லை, தலைவலி எதுவும் இல்லையே என்று சும்மா இருப்பார், பிரஷர்தான் வலிக்காதே. பிறகு கிளினிக்கில் 164 வரும், பயந்து திரும்ப ஆரம்பிப்பார், முதல் இரண்டு மூன்று நாளில் இறங்காது, "இந்த மாத்திரை எனக்கு ஒத்துவரவில்லை" என்பார். அவருடைய மூன்று நம்பரில் பாதிக் குழப்பம் இதுவாகவே இருக்கலாம். திஞ்ஜான் (ஏப்ரல் தண்ணீர்த் திருவிழா) வெயிலில் நிறுத்துகிறவர்கள் இன்னும் அதிகம், ஏனென்றால் கோடையில் எல்லாருக்குமே சில புள்ளி தானாக இறங்கும், டிசம்பர் குளிருக்குத் திரும்ப ஏறும். ஏப்ரலில் தலை சுற்றினால் டாக்டர் அளவைக் குறைக்கலாம், அது வேறு விஷயம், தானாக நிறுத்தக்கூடாது.

சில பேர் நிறுத்துவதற்குச் சொல்லாத காரணம் ஒன்று உண்டு: கணுக்கால் வீக்கம். அம்லோடிபினுக்கு அது பொதுவான தொந்தரவு. ஆண்கள் வெளியே சொல்ல மாட்டார்கள், லுங்கி கட்டியிருந்தால் தெரியவும் தெரியாது. சாயந்திரம் அப்பாவின் கணுக்காலை விரலால் அழுத்திப் பாருங்கள், குழி விழுந்தால் டாக்டரிடம் சொல்லி வேறு மருந்தோ வேறு அளவோ மாற்றிக்கொள்ளலாம்.

எவ்வளவுக்கு இறக்க வேண்டும் என்பதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. 2015இல் ஸ்பிரிண்ட் ஆய்வில் 9,361 பேரை எடுத்து, 140க்குக் கீழ், 120க்குக் கீழ் என்று இரண்டு இலக்கு வைத்தார்கள், 120 கூட்டத்தில் இதய, பக்கவாத விபரீதங்கள் கால்வாசி குறைந்தன. அதைக் கேட்டுவிட்டு 120 வரவில்லையே என்று ஓடி வருகிறவர்கள் உண்டு. அங்கே ஆளை ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார வைத்து, மெஷினே தானாக மூன்று தடவை அளந்த நம்பர் அது, பல இடங்களில் அறையில் வேறு ஆளே கிடையாது. நம் கூட்ட நெரிசலில் எடுத்த 132ஐ அந்த 120ஓடு ஒப்பிட முடியாது. தலைசுற்றலும் மயக்கமும் சிறுநீரகத் தொந்தரவும் அந்தக் கூட்டத்தில் கூடுதலாகவே வந்தன. அப்பாவுக்கு எந்த இலக்கு என்பதை அவருடைய சர்க்கரை, சிறுநீரகம் எல்லாம் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். 180க்கு மேல் போய், கூடவே நெஞ்சு வலியோ, வாய் கோணலோ, கை மரத்துப்போவதோ இருந்தால் முகாமுக்கு வரவேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

அதற்கு இடையில், இந்த வாரம் மாத்திரையை ஒரு நாளும் விடாமல் சாப்பிட வைத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். நம்பர் மட்டும் போதாது, அன்று என்ன சாப்பிட்டார், வலி மாத்திரை போட்டாரா, எத்தனை மணி தூங்கினார் என்றும் எழுதுங்கள். ஞாயிறு வரும்போது நோட்டோடு வீட்டு மெஷினையும் எடுத்து வாருங்கள், எங்கள் மெஷினோடு வைத்து ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடலாம், பட்டை அவர் கைக்குச் சரியான அளவா என்றும் தெரியும். மாத்திரை அட்டைகளையும் கொண்டு வரச் சொல்லுங்கள், காலி அட்டையும் சேர்த்து. எத்தனை குழி காலியாக இருக்கிறது என்று எண்ணினாலே அப்பா சொல்வதில் எவ்வளவு நிஜம் என்று தெரிந்துவிடும்.